ஒன்டாரியோவில் கருங்கரடி வேட்டை: முதல் தடவை போகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சுரங்கத்துச் செழியன் · ஏப்ரல் 6, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஊர் திருநெல்வேலிப் பக்கம். இப்போது கனடாவின் சட்பரியில் நிக்கல் சுரங்கத்தில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலை. என் ஷிஃப்டில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வருடா வருடம் மே மாதம் கரடி வேட்டைக்குப் போவார். இந்த முறை என்னையும் கூப்பிட்டிருக்கிறார்.

போன குளிர்காலத்தில் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் 80 சதவீதத்துக்கு மேல் எடுத்து, காத்திருந்து, லைசென்ஸும் வந்துவிட்டது. வேட்டைக்காரர் பயிற்சியும் முடித்து, வேட்டைக்கு வேண்டிய அவுட்டோர்ஸ் கார்டு என்ற அட்டையும் வாங்கியாயிற்று. கரடி லைசென்ஸ் இனிமேல்தான் எடுக்க வேண்டும். விதிமுறைப் புத்தகத்தை இரண்டு தடவை படித்தேன். இத்தனை மீட்டர், அத்தனை மணி, இந்த நிறம், அந்தச் சீட்டு என்று தலை சுற்றுகிறது. இதில் எது உண்மையில் ஆளைக் காப்பாற்றும், எது அபராதத்தில் இருந்து காப்பாற்றும் என்று புரியவில்லை. தமிழில் விளக்கமாக யாராவது சொன்னால் நல்லது.

வீட்டில், "கரடியோடு வந்தால் கதவு திறக்காது" என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிட்டது. அதையும் சேர்த்தே சமாளிக்க வேண்டும்.

பனிக்காட்டான் · ஏப்ரல் 6, இரவு 11:15

தம்பி செழியன், முதலில் வாழ்த்து. நான் முல்லைத்தீவுப் பக்கம். டிமின்ஸுக்கு வடக்கே 14 வருடமாகக் கரடி வேட்டைக்குப் போகிறேன். இந்தப் பதினான்கில் நான் கரடி எடுத்தது ஐந்து வருடம்தான். மற்ற ஒன்பது வருடமும் பரணில் குந்தியிருந்து பிளாக் ஃப்ளை என்ற கறுப்புக் கடி ஈயிடம் கடி வாங்கிக்கொண்டு வந்ததுதான். அதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

கடதாசி வேலையை முதலில் முடித்துவிடலாம். ஒரு லைசென்ஸுக்கு ஒரு டேக், அதாவது ஒரு கரடிக்கான சீட்டு. அந்த ஒரு டேக் வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் சேர்த்து. மே மாதத்தில் ஒன்றை எடுத்துவிட்டால் அந்த வருடக் கணக்கு முடிந்தது. வசந்தப் பருவம் மே 1 முதல் ஜூன் 15 வரை. கரடி விழுந்ததும், அதை ஓர் அடி நகர்த்துவதற்கு முன்னாலேயே, டேக்கில் மாதம், தேதி, நேரம் இருக்கும் இடங்களை வெட்டி எடுக்க வேண்டும். "வண்டிக்குப் போய்ச் செய்யலாம்" என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். டேக்கை வீட்டுப் பிரிண்டரில்தான் எடுப்பீர்கள். மழையில் மை கரையும். ஒரு ஜிப் பையில் போட்டு, சின்னக் கத்தியோடு சட்டைப் பையில் வையுங்கள்.

அப்புறம் நேரம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் இருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்னால் வரை மட்டும். அதற்கு வெளியே துவக்கு (துப்பாக்கி) உறைக்குள் இருக்க வேண்டும். வண்டிக்குள் தோட்டா ஏற்றிய துவக்கு எந்த நேரத்திலும் கூடாது. "ஏற்றிய" என்றால் குழலுக்குள் தோட்டா இருப்பது மட்டும் இல்லை. துவக்கில் மாட்டியிருக்கும் மேகசினில் ஒரு தோட்டா இருந்தாலும் ஒன்டாரியோ சட்டத்தில் அது ஏற்றிய துவக்குத்தான். ரோட்டுக்குக் குறுக்கே வெடி வைக்கவும் (சுடவும்) கூடாது. இருபத்திரண்டு ரிம்ஃபயர் என்ற சின்னத் தோட்டாத் துவக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அது கரடிக்குச் சட்டப்படியும் ஆகாது, நியாயப்படியும் ஆகாது.

சட்பரி பிரெஞ்சு ஆற்றுக்கு வடக்கே இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குத் தடை இல்லை. ஷிஃப்ட் வேலைக்காரருக்கு இது பெரிய உதவி.

மற்றதை நாளைக்கு எழுதுகிறேன். காலையில் வேலை.

மழைக்காகிதம் · ஏப்ரல் 7, காலை 6:02

துவக்கு!! எங்கள் அம்மம்மா வீட்டில் கேட்ட சொல். படித்ததும் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். சரி, தொடருங்கள்.

கோத்தகிரிக்காரி · ஏப்ரல் 7, காலை 8:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டைச் சுற்றித் தேயிலைதான். கரடி எங்களுக்கு அக்கம்பக்கத்துக்காரர் மாதிரி. கோயிலில் விளக்கெண்ணெய் குடிக்க வரும், சத்துணவுக் கூடத்தின் கதவை உடைத்து எண்ணெய் டின்னைக் கவிழ்க்கும். தோட்டத்தில் வேலை செய்பவர்களைத் தாக்கவும் செய்கிறது. அப்போதும் யாரும் அதைச் சுடுவதில்லை. 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற மிருகம். வனத்துறை வரும், கூண்டு வைக்கும், கொண்டு போய் விடும். இங்கே நீங்கள் தேதி போட்டு, சீட்டு எடுத்து, அதுவும் தீனி வைத்துக் கூப்பிட்டுச் சுடுகிறீர்கள். சோறு போட்டுக் கழுத்தை அறுப்பது என்பது இதுதானே?

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியவில்லை.

பனிக்காட்டான் · ஏப்ரல் 7, மாலை 7:48

தங்கச்சி, கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் மிருகமே வேறு. நம்முடையது தேன்கரடி. எங்கள் வன்னியில் பாலைப்பழக் காலம் வந்தால் மரத்தில் ஏறி இருக்கும். தேன் எடுக்கப் போகிறவர்கள் யானையைவிடக் கரடிக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். இலங்கையிலும் அதைத் தொட முடியாது, தொடவும் கூடாது, எண்ணிக்கை அவ்வளவு குறைவு. இங்கே இருப்பது அமெரிக்கக் கருங்கரடி. ஒன்டாரியோவில் மட்டும் 85,000 முதல் ஒரு லட்சத்து ஐயாயிரம் வரை இருக்கும் என்று மாகாண அரசின் மதிப்பீடு. வேட்டை நடக்கும்போதே இருக்கிற எண்ணிக்கை அது.

தீனி வைப்பதைப் பற்றி. நானும் முதலில் உங்களைப் போலத்தான் நினைத்தேன். ஆனால் இந்த வடக்குக் காட்டில் ஸ்ப்ரூஸ் மரமும் ஆல்டர் புதரும் அடைத்துக்கொண்டு நிற்கும். முப்பது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. நடந்து போய்க் கரடியைக் கண்டால் அரை நொடி கறுப்பாக ஏதோ ஓடும். அது ஆணா பெண்ணா, பின்னால் குட்டி வருகிறதா என்று யாருக்குத் தெரியும்? தீனி இருந்தால் கரடி வந்து நிற்கும், இருக்கும், திரும்பும். இருபது நிமிடம் பார்த்துவிட்டு "வேண்டாம்" என்று முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும். என் ஒன்பது வெறுங்கை வருடங்களில் பாதி அப்படி விட்டதுதான்.

ஆனால் இது சுகமான காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆட்கள் இதிலும் பிரிந்துதான் நிற்கிறார்கள்.

மெய்ன் மாறன் · ஏப்ரல் 7, இரவு 10:20

எல்லைக்கு இந்தப் பக்கம், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருந்து சொல்கிறேன். இந்தத் தீனி விவாதம் இங்கே இரண்டு முறை வாக்குச்சீட்டுக்கே போயிருக்கிறது. மெய்னில் 2004, 2014 இரண்டு வருடமும் தீனி, நாய், கண்ணி மூன்றையும் தடை செய்யலாமா என்று மக்களைக் கேட்டார்கள். இரண்டு முறையும் தடை தோற்றது. ஆனால் கொலராடோவில் 1992இலேயே மக்கள் வாக்களித்து வசந்த வேட்டை, தீனி, நாய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். ஒரே மிருகம், ஒரே நாடு, நேர் எதிர்ச் சட்டம்.

செழியன், தீனியில் சாக்லேட் போடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2014இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு தீனி இடத்துக்குப் பக்கத்தில் நான்கு கரடி செத்துக் கிடந்தது. இரண்டு தாய், இரண்டு குட்டி. சாக்லேட்டில் இருக்கும், நாய்க்கு ஆகாத அதே தியோபுரோமின்தான். அதற்குப் பிறகு அந்த மாநிலம் சாக்லேட்டைத் தடை செய்தது. பேக்கரியில் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய இனிப்பை மூட்டையாக அள்ளிக்கொண்டு வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

சுரங்கத்துச் செழியன் · ஏப்ரல் 8, அதிகாலை 5:10

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து எல்லாவற்றையும் படித்தேன். பனிக்காட்டான் அண்ணே, நன்றி. எங்கள் பெரியவர் ஓட்ஸும் வெல்லப்பாகும் பழைய வடை எண்ணெயும், மன்னிக்கவும், ஃப்ரையர் எண்ணெயும்தான் வைப்பாராம். எங்கே வைக்கலாம் என்ற தூரக் கணக்கு மட்டும் சொல்லுங்கள். விதிமுறைப் புத்தகத்தில் வரும் 200, 400, 500 மீட்டர் மூன்றும் குழம்புகிறது.

கோத்தகிரிக்காரி அக்கா, உங்கள் கேள்வியை என் மனைவியிடம் காட்டினேன். "பார்த்தீங்களா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதுவே போதும்.

பனிக்காட்டான் · ஏப்ரல் 8, மாலை 6:30

தூரம் இப்படி: வீட்டில் இருந்து 500 மீட்டருக்குள் தீனி வைக்கக் கூடாது. அந்த வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் தந்தால் வைக்கலாம். வாய்ச்சொல் போதாது. பொதுக் கட்டடத்துக்கும் அதே 500. பொது ரோட்டுக்கும் அடையாளம் போட்ட நடைபாதைக்கும் 200. குப்பை மேட்டைச் சுற்றி 400 மீட்டருக்குள் கரடி வேட்டையே இல்லை. மூன்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எதில் இருந்தும் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுங்கள். எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

குப்பை மேட்டு விதி ஏன் என்றால், குப்பை தின்கிற கரடிக்கு மனிதவாடை பழக்கம். அங்கே நின்று சுடுவது கோழிக்கூட்டுக்குள் நின்று சுடுவதைப் போல. கறியும் நாறும். ஆகஸ்டில் நீலபெர்ரி தின்ற கரடியின் கறிக்கும் மீன் குடலும் குப்பையும் தின்றதன் கறிக்கும் ஏழாம் பொருத்தம்.

இப்போது குட்டி விஷயம். இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். மற்ற எதை மறந்தாலும் பரவாயில்லை.

வசந்தத்தில் குட்டியையோ குட்டியோடு இருக்கும் தாயையோ சுடக் கூடாது. 25,000 டொலர் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை. 1999இல் ஒன்டாரியோ வசந்த வேட்டையையே நிறுத்தியதற்கு இதுதான் காரணம். தாய் செத்துக் குட்டி அனாதையாகிறது என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. 2014இல் எட்டுப் பகுதிகளில் மட்டும் சோதனையாகத் திறந்தார்கள், 2016இல் விரித்தார்கள், 2021இல் நிரந்தரமாக்கினார்கள். திரும்பி வந்தபோது இந்த விதியோடுதான் வந்தது.

குட்டி ஜனவரியில், குகைக்குள், தாய் அரைத் தூக்கத்தில் இருக்கும்போதே பிறக்கிறது. பிறக்கும்போது கால் கிலோ அளவுதான். மே மாதத்தில் பால் இல்லாமல் அதற்கு வாழ்வு இல்லை. அடுத்த வருடம் வசந்தம் வரைக்கும் தாயோடுதான் இருக்கும். அதனால் ஒரு பெண் கரடி இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் ஈனும். முதல் ஈற்றுக்கே இங்கே ஐந்து, ஆறு வயது ஆகிவிடும். மானைப் போல வருடம் தவறாமல் பெருகுகிற சாதி இல்லை. பெண்ணை அதிகமாக எடுத்தால் காடு பல வருடத்துக்கு எழும்பாது.

பிரச்சினை என்னவென்றால், "குட்டியோடு இருக்கும் தாய்" என்பது நீங்கள் நினைப்பது போல வரிசையாக நடந்து வராது. தாய் குட்டிகளை ஒரு பெரிய வெள்ளைப் பைன் மரத்தில் ஏற்றிவிட்டு, "இரு, வருகிறேன்" என்று தனியாகத் தீனிக்கு வரும். பட்டை சொரசொரப்பாக இருப்பதால் குட்டி நகம் நன்றாகப் பிடிக்கும். நீங்கள் பரணில் இருந்து பார்த்தால் தனிக் கரடி. வெடி வைத்துவிட்டு இறங்கிப் போகும்போதுதான் மேலே இருந்து அழுகை கேட்கும். என்னோடு முகாமில் இருந்த ஒருவருக்கு அப்படி நடந்தது. அன்றைக்கு இரவு யாரும் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவர் வசந்தத்தில் வருவதே இல்லை.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். கரடி வந்தால் கால் மணி நேரம் துவக்கைத் தொட மாட்டேன். பைனாகுலர் மட்டும். காது தலையின் ஓரத்தில் சின்னதாக, ஒன்றுக்கொன்று விலகி இருந்தால் பெரிய ஆண். காது நீளமாக, நிமிர்ந்து, முயல் காதைப் போலத் தெரிந்தால் பெண் அல்லது இளசு. நிற்க விடுவேன். ஆண் நெற்றி நடுவில் வகிடு எடுத்தது மாதிரி ஒரு பள்ளம் ஓடும். தீனியை 200 லிட்டர் டிரம்மில் வைத்தால் அளவு தெரியும். நாலு காலில் நிற்கும்போது முதுகு டிரம்மின் நடு வளையத்துக்குக் கீழே என்றால் சின்னது, விட்டுவிட வேண்டும். கரடி அடிக்கடி ஒரே திசையைத் திரும்பிப் பார்க்கிறதா? அங்கே குட்டி இருக்கலாம். அல்லது இன்னொரு பெரிய ஆண் வருகிறதாக இருக்கலாம். இரண்டிலும் பொறுமைதான்.

மே முதல் பாதியில் போனால் ஆண் கரடிதான் அதிகம் நடமாடும். குகையைவிட்டு முதலில் வெளியே வருவது அவைதான். புதுக்குட்டித் தாய் கடைசியாக வரும்.

கோத்தகிரிக்காரி · ஏப்ரல் 8, இரவு 9:05

இவ்வளவு பார்த்துத்தான் சுடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. மனம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி. ஊருக்குள் கரடி வருவதைக் குறைக்கத்தான் வேட்டை என்று அரசாங்கம் சொன்னதாகப் படித்தேன். குறைந்ததா?

குருதிமுகில் · ஏப்ரல் 8, இரவு 11:40

இதற்கு நான் பதில் சொல்கிறேன். தண்டர் பேயில் நர்ஸ், காட்டுயிர் ஆராய்ச்சி படிப்பது பொழுதுபோக்கு.

குறையவில்லை. ஒன்டாரியோவின் அந்த வசந்தச் சோதனையையே ஆய்வாக எடுத்து, வேட்டை திறந்த பகுதியையும் திறக்காத பகுதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நார்த்ரப் என்பவரின் குழு 2023இல் வெளியிட்டது. வேட்டையில் எடுத்த கரடி எண்ணிக்கை கூடியது, ஆனால் மனிதர்களோடு மோதல் குறையவில்லை. காட்டில் பெர்ரியும் கொட்டையும் காய்க்காத வருடத்தில் கரடி ஊருக்குள் வருகிறது, காய்த்த வருடத்தில் வருவதில்லை. அவ்வளவுதான். ஊருக்குள் வருவதைக் குறைக்க வேண்டுமென்றால் குப்பைத் தொட்டியைப் பூட்ட வேண்டும், பறவைத் தீனியைக் கழற்ற வேண்டும், பார்பிக்யூவைக் கழுவ வேண்டும்.

நான் வேட்டைக்கு எதிரி இல்லை. என் வீட்டு ஃப்ரீசரில் மூஸ் என்ற பெரிய மானின் கறி இருக்கிறது. ஆனால் "ஊரைக் காப்பாற்றப் போகிறோம்" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பனிக்காட்டான் · ஏப்ரல் 9, காலை 7:20

ஒப்புக்கொள்கிறேன். நான் கறிக்கும், தோலுக்கும், காட்டில் இருக்கிற அந்த ஒரு வாரத்துக்கும்தான் போகிறேன். அதற்கு மேல் சாக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சட்பரிப் பக்கம் 1850 ராபின்சன்-ஹூரான் ஒப்பந்த நிலம். இங்கத்தைய பழங்குடிகளான அனிஷினாபே மக்கள் தங்கள் ஒப்பந்த உரிமையில் வேட்டையாடுகிறவர்கள். நம்முடைய லைசென்ஸ் கணக்கு அவர்களுக்கு இல்லை. அவர்கள் மொழியில் கரடிக்கு "மக்வா" என்று பெயர், கரடிக் குலமே இருக்கிறது. காட்டில் அவர்களில் யாரையாவது சந்தித்தால் "உங்கள் சீட்டு எங்கே" என்று கேட்கும் மடத்தனம் வேண்டாம். நாம்தான் நேற்று வந்தவர்கள்.

மெய்ன் மாறன் · ஏப்ரல் 9, காலை 9:55

விதி எவ்வளவு நன்றாக எழுதினாலும் கணக்கு தப்பலாம் என்பதற்கு ஃப்ளோரிடா உதாரணம். 2015இல், இருபது வருடத்துக்கு மேல் கழித்து, வேட்டை திறந்தார்கள். 320 வரை எடுக்கலாம், ஒரு வாரம் என்று திட்டம். அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள் 3,700 பேருக்கு மேல். இரண்டே நாளில் 300 கரடி அளவுக்கு விழுந்துவிட்டது. அவசரமாக மூடினார்கள். சீட்டுக்கு உச்சவரம்பு வைக்காமல் கரடிக்கு மட்டும் வைத்தால் இப்படித்தான்.

சுரங்கத்துச் செழியன் · ஏப்ரல் 9, மாலை 5:25

அண்ணே, பாதுகாப்பு பற்றி? உண்மையைச் சொன்னால் எனக்கு அபராதத்தைவிடக் கரடியிடம்தான் பயம். மாரடைப்பு வந்தால் பரணிலேயே வரும்.

பனிக்காட்டான் · ஏப்ரல் 9, இரவு 10:30

மாரடைப்பைவிடப் பரணில் இருந்து விழுவதுதான் நடக்கும். வேட்டைக்காரர் அடிபடுவதில் பெரும் பங்கு அதுதான், கரடி இல்லை. முழு உடம்பு ஹார்னஸ் போடுங்கள். இடுப்புப் பெல்ட் மட்டும் போதாது, விழுந்தால் மூச்சை நெரிக்கும். தரையில் இருந்து கால் எடுத்த நொடி முதல் திரும்பத் தரையைத் தொடும்வரை கொக்கி மாட்டியிருக்க வேண்டும். துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணி ஏறாதீர்கள். தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு, குழல் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி கயிற்றில் கட்டி, மேலே போய் இழுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போதும் அப்படியே.

ஆரஞ்சுச் சட்டை: இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குலம், எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும், தலைக்கும் ஆரஞ்சுத் தொப்பி. மான், மூஸ் துவக்குப் பருவம் இல்லாத நேரத்தில், கரடி வேட்டைக்காரர் பரணில் இருக்கும்போது மட்டும் அதைக் கழற்றலாம். நடந்து போகும்போது கட்டாயம். பலர் பரணில் கழற்றியதை இறங்கும்போது மறப்பார்கள். மங்கல் வெளிச்சத்தில் புதருக்குள் குனிந்து நடக்கிற ஆள் எப்படித் தெரிவான்? கரடியைப் போலத்தான்.

வெடி. கரடிக்கு ரோமம் நீளம், கொழுப்புத் தடிப்பு. பார்க்கிற உருவத்துக்கும் உள்ளே இருக்கிற உடம்புக்கும் வித்தியாசம் அதிகம். பக்கவாட்டில், முன்கால் சற்று முன்னே நகர்ந்திருக்கும்போது மட்டும். நேருக்கு நேர், தலை, பின்பக்கம் எதுவும் வேண்டாம். பின்னால் இன்னொரு கரடி நிற்கிறதா என்றும் பாருங்கள். கொழுப்பு காயத்தை அடைத்துவிடும். இரத்தத் தடம் மானைப் போலச் சிந்தாது. வெடிக்குப் பிறகு அரை மணி அசையாதீர்கள். நெருங்கும்போது பின்பக்கமாகப் போய், நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இமைத்தால் பின்வாங்கி இன்னொரு வெடி.

கடைசிப் பத்து நிமிட வெளிச்சத்தில் வருகிற கரடியை நான் சுடுவதில்லை. சட்டம் அனுமதிக்கும். ஆனால் காயத்தோடு புதருக்குள் போய்விட்டால் இருட்டில் துவக்கை வெளியே எடுக்கவும் முடியாது, காயப்பட்ட மிருகத்தை விடியும்வரை விடவும் மனசு வராது. அந்த இரவு யாருக்கும் வேண்டாம்.

குருதிமுகில் · ஏப்ரல் 9, இரவு 11:50

கரடி தாக்குவதைப் பற்றி ஒரு கணக்கு. 1900 முதல் 2009 வரை வட அமெரிக்கா முழுவதும் கருங்கரடி கொன்ற மனிதர்கள் 63 பேர். ஹெரேரோ என்ற ஆய்வாளரின் குழு 2011இல் தொகுத்தது. 110 வருடத்துக்கு அவ்வளவுதான். ஆச்சரியம் என்னவென்றால் அதில் பெரும்பாலானவை குட்டியைக் காக்க வந்த தாய் இல்லை. மனிதனை இரையாகப் பார்த்துப் பின்தொடர்ந்த தனி ஆண். சத்தம் போடுகிற, தரையை அறைகிற, ஊதுகிற கரடிக்குப் பயம். சத்தமே இல்லாமல் கண்ணை எடுக்காமல் நெருங்குகிறதுதான் ஆபத்து. ஓடாதீர்கள், மரம் ஏறாதீர்கள், அது உங்களைவிட நன்றாக ஏறும். பெரிதாக நின்று கத்துங்கள், கரடி விரட்டும் மிளகாய் ஸ்ப்ரே அடியுங்கள். கருங்கரடி தாக்கினால் செத்த மாதிரி படுக்கக் கூடாது, திருப்பி அடிக்க வேண்டும். ஸ்ப்ரே பையின் அடியில் இருந்தால் பயனில்லை, இடுப்பில் இருக்க வேண்டும்.

இனி என் துறை: கறி. கரடிக் கறியில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். பன்றிக்கறிக்குச் சொல்கிற "ஃப்ரீசரில் போட்டால் சரி" இங்கே செல்லாது. வடக்கில் இருக்கும் இனம் உறைவதைத் தாங்கும். 2022இல் சஸ்காட்சுவனில் எடுத்த கரடியின் கறியை 45 நாள் உறைய வைத்து, பிறகு அமெரிக்காவில் ஒரு குடும்பம் கூடி கபாப் போட்டது. ஆறு பேருக்கு நோய். அதில் இரண்டு பேர் கறியே தின்னவில்லை. கூடச் சுட்ட காய்கறியை மட்டும் தின்றவர்கள். கறியின் நிறம் இயல்பாகவே கறுப்பு என்பதால் வேகாதது கண்ணுக்குத் தெரியவில்லை. தெர்மாமீட்டர் வாங்குங்கள், நடுவில் 74 டிகிரி செல்சியஸ். வெட்டிய பலகை, கத்தி எல்லாம் தனி.

மழைக்காகிதம் · ஏப்ரல் 10, காலை 6:15

தமிழ் வீட்டில் கறியை அரைவேக்காட்டில் யார் தின்கிறார்கள்? குக்கரில் எட்டு விசில் விட்டால் புழு என்ன, எலும்பே கரையும்.

குருதிமுகில் · ஏப்ரல் 10, காலை 6:40

குக்கர் என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். எனக்குப் பயம் கோடையில் பின்வளவில் கிரில் போடுகிற மாமாக்கள்.

பனிக்காட்டான் · ஏப்ரல் 10, இரவு 8:00

கறி பற்றிச் சின்னதாக. தோலும் கொழுப்பும் கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கும். மே மாதம் பகலில் இருபது டிகிரி வரும். விழுந்த ஒரு மணிக்குள் குடலை எடுத்து, சீக்கிரம் தோலை உரித்து, ஐஸில் போட வேண்டும். கறியைக் காட்டில் அழுக விடக் கூடாது, விற்கவும் கூடாது. நண்பருக்குக் கொடுக்கலாம்.

பித்தப்பை: உடம்பில் இருந்து தனியாக எடுத்து வைத்திருப்பதே குற்றம். மருந்துக்கு என்று யாராவது பணம் தருகிறேன் என்று வந்தால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள். ஆசியக் கரடிகள் அழிவதற்கு அந்த வியாபாரம் பெரிய காரணம். அதனால்தான் இந்தக் கருங்கரடியையும் 1992 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அரைத்துப் பொடியாக்கினால் எந்தக் கரடி என்று யாருக்கும் தெரியாது அல்லவா? தோலை ஊருக்குக் கொண்டு போகலாமா என்றும் கேட்க வேண்டாம்.

கடைசியாக, அறிக்கை. கரடி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஏன், காட்டுப் பக்கமே போகாவிட்டாலும், டேக் வாங்கியவர் அறிக்கை கொடுத்தே ஆக வேண்டும். மறந்தால் 25 டொலர் கட்டினால்தான் அடுத்த லைசென்ஸ்.

சுரங்கத்துச் செழியன் · ஜூன் 11, இரவு 10:50

பழைய இழையை மேலே கொண்டு வருகிறேன். போய் வந்துவிட்டேன்.

விடுப்பு கிடைத்தது மே கடைசியில்தான். ஆறு நாள் மாலை பரண். முதல் மூன்று நாள் நரியும் ரேவன் என்ற பெரிய காக்கையும்தான். பிளாக் ஃப்ளையைப் பற்றி அண்ணன் சொன்னது பாதிகூட இல்லை. காதுக்குப் பின்னால் இன்னமும் வீக்கம். நான்காவது நாள் ஓர் இளசு வந்தது. முதுகு டிரம்மின் நடு வளையத்துக்குக்கூட வரவில்லை. அரை மணி ஓட்ஸ் தின்றுவிட்டுப் போனது.

ஐந்தாவது நாள் எட்டு மணிக்கு மேல் நடுத்தரக் கரடி ஒன்று, தனியாக. முதுகு நடு வளையத்துக்கு மேலே. காது மட்டும் எனக்குச் சந்தேகம், இரண்டு விதமாகவும் தெரிந்தது. கை நடுங்கியது, பைனாகுலரும் சேர்ந்து நடுங்கியது. பெரியவர் பக்கத்துப் பரணில், கேட்க வழியில்லை. கால் மணி என்று அண்ணன் சொன்னதை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோராவது நிமிடம் அது தலையைத் தூக்கி எனக்கு இடப்பக்கம் பார்த்தது. திரும்பத் தின்றது. திரும்ப அதே பக்கம் பார்த்தது. அப்புறம் தொண்டைக்குள் ஏதோ ஒரு சின்னச் சத்தம். நாற்பது மீட்டர் தள்ளி இருந்த பைன் மரத்தின் பட்டையில் சரசரவென்று ஏதோ இறங்குகிற ஓசை. மூன்று. பூனை அளவுதான். ஒன்று கடைசி இரண்டடி வழுக்கிப் பொத்தென்று விழுந்தது.

துப்பாக்கி மடியிலேயே இருந்தது. சேஃப்டியைக்கூட எடுக்கவில்லை.

ஆறாவது நாள் மழை, ஒன்றும் வரவில்லை. பெரியவர் ஒரு பெரிய ஆணை எடுத்தார். எனக்கு ஒரு தொடை கொடுத்தார். வீட்டில் கதவு திறந்தது, ஆனால் குக்கர் மட்டும் வெளி அடுப்பில் என்று உத்தரவு.

பனிக்காட்டான் · ஜூன் 11, இரவு 11:05

மூன்று குட்டியா! நல்ல தாய். உங்கள் டேக் இலையுதிர் காலத்துக்கும் செல்லும், எறிந்துவிடாதீர்கள்.

கோத்தகிரிக்காரி · ஜூன் 12, காலை 7:30

மூன்றாவது விழுந்ததே, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே?

சுரங்கத்துச் செழியன் · ஜூன் 12, மாலை 4:15

இல்லை அக்கா. எழுந்து நேராக ஓட்ஸுக்குள் தலையை விட்டது. வெல்லப்பாகு மூக்கு முழுக்க.

அண்ணே, அறிக்கைப் படிவத்தை இப்போதே திறந்து பார்த்தேன். இலையுதிர் காலத்துக்குப் போகலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வேட்டையாடிய நாள்: 6. எடுத்தது: 0. பருவம் முடிந்த பிறகுதானே அனுப்ப வேண்டும்?